மலையிலிருந்து கிளம்பும் செய்தி
டாக்டர்கள் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வது நம் பிரசவத்துக்கு எப்படி உதவுகிறது?



குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி ஒரு கேள்வி வருகிறது. "நர்ஸம்மா என் அட்டையை போட்டோ புடிச்சு போன்ல யாருக்கோ அனுப்புறாங்க. எதுக்குங்க அது? யாரெல்லாம் பாப்பாங்க?" என்று கர்ப்பிணிப் பெண்கள் கேட்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மாமியார், "நேர்ல பாக்காம போன்லயே எப்படி வைத்தியம் சொல்லுவாங்க?" என்று சந்தேகப்படுகிறார்.

இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். போனில் போகும் அந்தச் செய்தி என்ன வேலை செய்கிறது, என்ன வேலை செய்யாது, அதில் நம் பங்கு என்ன என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

அந்த போட்டோ எங்கே போகிறது?

ஏற்காட்டு மலைக் கிராமத்தில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் அவரை முதலில் பார்ப்பவர்கள் ஆஷா பணியாளரும் கிராம சுகாதார செவிலியரும். அடுத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பார்க்கிறார். பிரச்சினை பெரியது என்றால் ஏற்காடு அரசு மருத்துவமனை, அதற்கும் மேலே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நாம் சொல்லும் "சேலம் பெரிய ஆஸ்பத்திரி" அதுதான். பிரசவ சிறப்பு மருத்துவர், மயக்க மருந்து டாக்டர், குழந்தை டாக்டர், ரத்த வங்கி எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது அங்கேதான்.

முன்பெல்லாம் கீழே அனுப்பும்போது ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுப்பார்கள். அந்தச் சீட்டும் நோயாளியும் ஒன்றாகத்தான் போய்ச் சேரும். அதுவரை பெரிய ஆஸ்பத்திரிக்கு எதுவும் தெரியாது. போனில் உடனடிச் செய்தி வந்த பிறகு, நோயாளி வண்டி ஏறும் முன்பே விவரம் போய்விடுகிறது. டாக்டர்களும் செவிலியர்களும் இருக்கும் குழுவிலோ, அல்லது ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டருக்கு நேராகவோ, பி.பி. எவ்வளவு, ரத்தம் எவ்வளவு, ஸ்கேன் என்ன சொல்கிறது என்று அனுப்புகிறார்கள். சிறப்பு மருத்துவர் பார்த்துப் பதில் தருகிறார். அட்டையை போட்டோ எடுப்பதன் நோக்கம் இதுதான்.

மலைக்கு இது ஏன் முக்கியம்?

ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கிலோமீட்டர். சமவெளியில் 30 கிலோமீட்டர் பெரிய விஷயம் இல்லை. இங்கே 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வலியோடு படுத்திருக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு வேகமாகவும் ஓட்ட முடியாது. ஏற்காடு டவுனில் இருந்தே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை பக்கத்து உள் கிராமங்கள் என்றால் அதற்கு மேலும் ஆகும்.

பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு ஏற்பட்டால், சிகிச்சை கிடைக்காவிட்டால் 2 மணி நேரத்துக்குள்கூட உயிர் போகலாம். அதில் ஒரு மணி நேரம் ரோட்டிலேயே போய்விடுகிறது. போய் இறங்கிய பிறகு "என்ன குரூப் ரத்தம்?" என்று கேட்டு, சோதித்து, ரத்தம் தேடி, டாக்டரைக் கூப்பிட்டால் மிச்ச நேரமும் போய்விடும்.

செய்தி முன்கூட்டியே போனால் வண்டி இறங்கும் அந்த ஒரு மணி நேரம் வீணாகாது. இங்கே வண்டி ஒவ்வொரு வளைவாக இறங்கும்போது அங்கே ரத்தம் எடுத்து வைக்கிறார்கள், ஆபரேஷன் தியேட்டர் தயாராகிறது, மயக்க மருந்து டாக்டருக்குத் தகவல் போகிறது. ரோட்டின் நீளத்தை யாராலும் குறைக்க முடியாது. ஆனால் ரோட்டில் போகும் நேரத்தைத் தயாரிப்பு நேரமாக மாற்ற முடியும்.

தாய்மார்கள் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று மருத்துவ உலகில் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்க ஆகும் தாமதம் முதலாவது. போய்ச் சேர ஆகும் தாமதம் இரண்டாவது. சேர்ந்த பிறகு சரியான சிகிச்சை கிடைக்க ஆகும் தாமதம் மூன்றாவது. டாக்டர்களின் செய்தி குறைப்பது முக்கியமாக மூன்றாவது தாமதத்தை. முதல் தாமதத்தைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

ஒரு உதாரணம் பார்ப்போம்

ஒரு பெண்ணுக்கு எட்டாவது மாதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளாகத் தலைவலி. கண் மங்கலாகத் தெரிகிறது. முகமும் கையும் வீங்கி இருக்கிறது. "காப்பித் தோட்டத்துல வெயில்ல நின்னதுதான், கஷாயம் குடிச்சா சரியாயிடும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். ஆஷா அக்கா விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போகிறார்.

அங்கே பி.பி. 160/110. சிறுநீரில் புரதம் போகிறது. இது சாதாரணத் தலைவலி இல்லை. கர்ப்ப காலத்தில் 140/90 வந்தாலே அது உயர் ரத்த அழுத்தம். 160/110 என்றால் எந்த நேரமும் வலிப்பு வரலாம். நம் பாட்டிமார்கள் "ஜன்னி" என்று சொன்னது இதைத்தான். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து.

டாக்டர் உடனே சிறப்பு மருத்துவருக்குச் செய்தி அனுப்புகிறார். வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் சல்பேட் ஊசியின் முதல் அளவை அங்கேயே போடுங்கள், பி.பி. குறைய மருந்து கொடுங்கள், பிள்ளையின் நுரையீரல் முதிர்ச்சி அடைய ஊசி தேவையா என்று வாரக் கணக்கைப் பாருங்கள், செவிலியர் துணையோடு 108-ல் அனுப்புங்கள் என்று பதில் வருகிறது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். சிகிச்சை சேலத்தில் ஆரம்பிக்கவில்லை, மலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஊசி போடாமல் அனுப்பியிருந்தால் பாதி வழியில், வளைவில், வண்டிக்குள் வலிப்பு வந்திருக்கலாம்.

நல்ல செய்திக்கு நாலு விஷயம்

எல்லாச் செய்தியும் உயிரைக் காப்பாற்றாது. "கர்ப்பிணி சீரியஸ், அனுப்புறோம்" என்று மட்டும் போட்டால் கீழே இருப்பவர் என்ன தயார் செய்வார்?

அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் அவசர நேரத்தில் சுருக்கமாகத் தகவல் சொல்ல ஒரு முறை வைத்திருந்தார்கள். பிறகு அதை ஆஸ்பத்திரிகளும் எடுத்துக்கொண்டன. நாலே விஷயம்தான்:

1. இப்போது என்ன நடக்கிறது? (யார், எத்தனை மாதம், என்ன தொந்தரவு)
2. இதற்கு முன் என்ன? (எத்தனையாவது பிரசவம், முன்பு ஆபரேஷனா, பி.பி., சர்க்கரை, ரத்தசோகை உண்டா)
3. பார்த்ததில் என்ன தெரிகிறது? (பி.பி., நாடித்துடிப்பு, ரத்த அளவு, பிள்ளையின் இதயத் துடிப்பு)
4. என்ன வேண்டும்? (ஆலோசனையா, ரத்தமா, ஆபரேஷனா, உடனே அனுப்பவா)

இதில் இரண்டாவது விஷயம் எங்கிருந்து வரும்? நம்மிடமிருந்துதான் வரும்! நம் அட்டை, நம் ஸ்கேன் ரிப்போர்ட், நம் வாய்ச்சொல். அட்டை வீட்டுப் பரணில் இருந்தால், எத்தனை பெரிய டாக்டர் போனில் காத்திருந்தாலும் அரைகுறைச் செய்திதான் போகும். முதல் பிரசவம் ஆபரேஷன் என்பதைச் சொல்லாமல் விட்டால், பழைய தையல் இடம் கிழியும் ஆபத்து இருப்பது அங்கே யாருக்கும் தெரியாது.

108-க்குப் பேசும்போதும் இதே நாலு விஷயத்தைச் சொல்லலாம். "சீக்கிரம் வாங்க" என்று மட்டும் அழாமல், "ஒன்பது மாசம், ரெண்டாவது பிரசவம், பனிக்குடம் ஒடஞ்சிருச்சு, மொத பிரசவம் ஆபரேஷன், இந்த ஊரு, இந்தக் கோயில் பக்கத்துல நிக்கிறோம்" என்று சொன்னால் வண்டியும் சரியாக வரும், தகவலும் சரியாகப் போகும்.

போனில் வைத்தியம் சொல்வது சரியா?

சரிதான், சில விதிகளோடு. மத்திய அரசு 2020 மார்ச் 25 அன்று தொலை மருத்துவத்துக்கான வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. அதில் வாட்ஸ்அப் போன்ற செய்தி வசதிகளையும் டாக்டர்கள் பயன்படுத்தலாம் என்று இருக்கிறது. டாக்டர் இன்னொரு டாக்டரைக் கேட்கலாம். சுகாதாரப் பணியாளரும் டாக்டரைக் கேட்கலாம். நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று:

ஒன்று, நேரில் பார்க்கும் டாக்டரே பொறுப்பு. இன்னொரு டாக்டரிடம் ஆலோசனை கேட்டாலும், சிகிச்சைக்குப் பொறுப்பு நம்மைப் பார்க்கும் டாக்டருக்குத்தான். "போன்ல அவர் சொன்னார்" என்று கை கழுவ முடியாது.

இரண்டு, அவசரம் என்றால் நேரில்தான். போன் ஆலோசனை முதலுதவிக்கும், எங்கே போவது என்று வழி சொல்லவும்தான். நேரில் பார்க்கும் சிகிச்சைக்கு அது மாற்று இல்லை.

மூன்று, நம் சம்மதம் வேண்டும். நாமே டாக்டரைத் தேடிப் பேசினால் சம்மதம் கொடுத்ததாக அர்த்தம். சுகாதாரப் பணியாளரோ டாக்டரோ ஆரம்பித்தால் நம்மிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். நோயாளியின் அந்தரங்கப் படத்தை ஊடகங்களில் போடுவது தவறான நடத்தை என்றும் அந்த விதிகள் சொல்கின்றன.

அதனால் போட்டோ எடுக்கும்போது தயங்காமல் கேளுங்கள்: "இது யாருக்குப் போகுதுங்க? எதுக்குங்க?" மரியாதையாகக் கேட்பது தப்பில்லை. காரணம் தெரிந்தால் நாமும் நிம்மதியாகச் சம்மதிக்கலாம். அட்டையின் படம் டாக்டருக்குப் போவது வேறு, நம் முகமோ உடம்போ தெரியும் படம் ஊர்க் குழுவில் சுற்றுவது வேறு. உடம்பைப் படம் எடுக்க வேண்டிய தேவை வந்தால் முகம் தெரியாமல் எடுக்கச் சொல்லலாம்.

மற்ற இடங்களில்

இந்த வழி பிரசவத்துக்கு மட்டும் இல்லை. மங்களூருவில் இதய மருத்துவர் பத்மநாப காமத் 2018-ல் கிராமத்து டாக்டர்களை வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்து, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஈ.சி.ஜி. இயந்திரங்களும் கிடைக்கச் செய்தார். நெஞ்சுவலி வந்தவரின் ஈ.சி.ஜி. படம் நொடியில் இதய மருத்துவருக்குப் போகிறது. இங்கிலாந்திலும் 2018-ல் அரசு மருத்துவ அமைப்பு, டாக்டர்கள் செய்தி வசதியை எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்த வேண்டும் என்று விதிகள் வெளியிட்டது.

நம் தமிழ்நாட்டிலும் தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2001-03 கணக்கில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20 கணக்கில் அது 54. அதே காலத்தில் இந்தியா முழுவதற்குமான கணக்கு 97. இது ஒரு போனால் மட்டும் வந்ததில்லை. 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், அவசரப் பிரசவ சிகிச்சை மையங்கள், 2008-ல் வந்த 108 வண்டி, ஒவ்வொரு தாயின் இறப்பையும் "எங்கே தவறியது?" என்று விசாரிக்கும் நடைமுறை, இவை எல்லாம் சேர்ந்துதான். செய்தி என்பது இவற்றை ஒன்றோடு ஒன்று இணைக்கும் கயிறு. கட்ட ஆளும் மருந்தும் இல்லாவிட்டால் கயிறு மட்டும் என்ன செய்யும்?

செய்தியால் முடியாதவை

முதலாவது, டவர் இல்லாத இடம். மலையில் எத்தனையோ வளைவில், எத்தனையோ ஊரில் சிக்னல் கிடைக்காது. உங்கள் ஊரில் எந்த மேட்டில், எந்த வீட்டு வாசலில் சிக்னல் கிடைக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

இரண்டாவது, நீல டிக் பதில் ஆகாது. செய்தியைப் பார்த்தவர் ஆபரேஷனில் இருக்கலாம். அவசரத்தில் செய்தி போட்டதோடு நிற்காமல் போன் செய்து பேசத்தான் வேண்டும். நம் வீட்டு ஆட்களும் ஆஷா அக்காவுக்கு மெசேஜ் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கூப்பிடுங்கள். பதில் இல்லாவிட்டால் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, ரோடு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறக்க முடியுமா? ரோடு அடைத்துவிட்டால் எந்தச் செய்தியும் பெண்ணைக் கீழே கொண்டுபோகாது. ஆகவே ஆபத்தான கர்ப்பம் என்று டாக்டர் சொன்னால், வலி வரும்வரை மலையில் காத்திருக்காதீர்கள். மலைப்பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறைகள் இருக்கின்றன. எங்கே தங்கலாம், எப்போது இறங்கலாம் என்று ஏழாவது மாதமே செவிலியரிடம் கேளுங்கள். மழைக் காலத்தில் பிரசவ நாள் வந்தால் கட்டாயம் கேளுங்கள்.

"கீழே அனுப்பினா செலவாகுமே!"

பல வீடுகளில் இந்தப் பயம்தான் முதல் தாமதம். 2011 முதல் நடக்கும் மத்திய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டியும் இலவசம்தான். கூட வருபவரின் சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும்தான் பணம் தேவை. அதற்கு நம் குழு இருக்கிறதே!

நாம் செய்ய வேண்டியவை

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு:

• கர்ப்பம் தெரிந்தவுடன் செவிலியரிடம் பதிவு செய்து, 12 இலக்கப் பிக்மி எண்ணை வாங்கி அட்டையில் எழுதி வையுங்கள்.
• அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இரண்டு பேருக்காவது தெரியட்டும்.
• ஒவ்வொரு முறையும் "என் பி.பி. எவ்வளவு? ரத்தம் எவ்வளவு?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே என்றால் ரத்தசோகை, 7-க்குக் கீழே என்றால் கடுமையான ரத்தசோகை. ரத்தம் குறைவாக உள்ள பெண்ணால் சிறிது ரத்தப்போக்கைக்கூடத் தாங்க முடியாது.
• இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பியோடு போடாதீர்கள். காப்பியும் டீயும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. காப்பி விளையும் ஊரில் இருக்கிறோம், குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரைக்கும் காப்பிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
• கடும் தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், வலிப்பு, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், பிள்ளை அசைவு குறைதல், கடும் காய்ச்சல், இதில் எது வந்தாலும் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி.

குழுக்களுக்கு:

• கூட்டத்தில் மாதம் ஒரு முறை, ஊரில் எத்தனை கர்ப்பிணிகள், யாருக்கு எப்போது நாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வோம்.
• அவசரக் கடனுக்குக் குழுச் சேமிப்பில் ஒரு தொகை ஒதுக்கி வைப்போம். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கேட்டாலும் தீர்மானம் போடக் காத்திருக்காமல் கொடுக்கும்படி முன்பே முடிவு செய்வோம்.
• செவிலியர், ஆஷா, ஆரம்ப சுகாதார நிலையம், ஊரில் வண்டி வைத்திருப்பவர் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டுவோம்.
• ஒரு கர்ப்பிணியின் வியாதி விவரத்தை நம் குழு வாட்ஸ்அப்பில் போட மாட்டோம் என்று உறுதி எடுப்போம். டாக்டருக்குப் போக வேண்டியது டாக்டருக்கு மட்டும் போகட்டும்.

கடைசியாக மாமியார்மார்களுக்கு ஒரு வார்த்தை. "வீட்டுக்காரர் வரட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லாதீர்கள் அம்மா. டாக்டர் அனுப்பும் செய்தி நொடியில் மலை இறங்கிவிடும். ஆனால் அந்தச் செய்தி கிளம்ப வேண்டும் என்றால், முதலில் நம் வீட்டுப் பெண் வாசல்படி தாண்டி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த முதல் அடியை எடுத்து வைக்கச் சொல்ல வேண்டியது நாம்தான்.

அட்டை கையில் இருக்கட்டும், நாலு விஷயம் வாயில் இருக்கட்டும், தாயும் சேயும் நலமாய் இருக்கட்டும்!